மருத்துவ மாதரசி முத்துலட்சுமி அம்மையார்

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, பண்டைத் தொண்டைமான் நாட்டின் எல்லையுள் ஆவூர் என்னும் சிற்றூர் உளது. பூசே அடிகளார் எழுப்பிய பழங்கோயிலும், 1747ஆம் ஆண்டு எழுந்த புதுக்கோயிலும், வீரமாமுனிவர் அங்குப் பணியாற்றினார் என்னும் பெருமையும் அவ்வூரின் பெயரைத் தமிழ் மாணவர் பலரும் அறியச் செய்துள்ளன. அவ்வூரினின்று போந்து இக்கல்லூரியில் தமிழ் பயிலும் நாம், பெரியார் ஒருவரின் வரலாறு எழுதப் புகுங்கால் முனிவரையே பாடுவோம் என்று நண்பர் சிலர் எதிர்நோக்கினர். முனிவரின் புகழைப் பாட நம்மினும் வல்லார் பலர் உளர். அதே தொண்டைமான் சீமையின் தலைநகரில் பிறந்து, நம் தாயரும் உடன்பிறந்தாரும் இன்று உயிர் தாங்கி நிற்பதற்கு ஒருவாற்றான் காரணமாய் அமைந்த ஒரு பெண்மணியைப் பற்றியோ நம்மவர் பேசுவது குறைவு. ஆதலின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராய் விளங்கியவர். அன்னையார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். இருவேறு குலத்தார் இல்லறம் பூண்டதை அக்காலத்து ஊரும் உறவும் எங்ஙனம் நோக்கியிருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாயின் குலத்து மகளிர் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பெறும் வழக்கத்தை அவர் நூலிற் படித்து அறிந்தாரல்லர். வீட்டுத் திண்ணையினின்றே கண்டறிந்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் பேசிய பேச்சின் வேர் இங்கே உளது.

பெண்மகவு பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்திவிடுதல் அந்நாளைய முறை. முத்துலட்சுமியும் நிறுத்தப்பெற்றார். ஆயினும் தந்தையார் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1902இல் அவர் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து எழுந்த வினா, எந்தக் கல்லூரி ஒரு பெண்ணை ஏற்கும் என்பது. மகாராஜா கல்லூரி ஆடவர்க்கென்றே நடைபெற்றது. பெண்ணொருத்தி வந்தமர்ந்தால் மாணாக்கர் கெடுவர் என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். அரசராயிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அம்முறையீட்டைப் பொருட்படுத்தாது, சேர்த்துக்கொள்க எனக் கட்டளையிட்டார். சிறிய நாட்டை ஆண்ட அவ்வரசர் பலவகையிலும் குறைகூறப்பட்டவரே. எனினும் இவ்வொரு கட்டளைக்காக அவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். மூடுவண்டியில் சென்று, திரைக்கு அப்பால் அமர்ந்து, உடன்பயில்வோர் முகமறியாது படித்தார் அம்மையார். இன்று நம் வகுப்பில் முன் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு நமக்கு இடமில்லாமற் செய்யும் சகோதரிகள் இதனைச் சிறிது நினைப்பார்களாக!

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, பரிசுகள் பல பெற்று, 1912இல் பட்டம் ஏற்றார். எழும்பூரிலுள்ள பெண்டிர் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராய் அமர்ந்தார். அதுகாறும் எந்தப் பெண்மணியும் அவ்விடத்தில் அமர்ந்ததில்லை. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சரிநிகராக நடத்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை நிற்றல் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்றபின்னரே மணத்துக்கு உடன்பட்டார் என்பர். ரெட்டியார் அம்மொழியைத் தம் வாழ்நாள் முழுதும் காத்தனர். இராமமோகன், கிருஷ்ணமூர்த்தி என மைந்தர் இருவர் பிறந்தனர். இவருள் இளையவரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. கதை அவரிடம் மீண்டும் வரும்.

1923ஆம் ஆண்டு அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள் குடற்புற்றினால் இறந்தார். மருத்துவம் கற்ற தமக்கை அருகிருந்தும் ஒன்றுஞ் செய்ய இயலவில்லை. தம் கையிலிருந்த கலையனைத்தும் பயன்படாமற் போனதை ஒரு மருத்துவர் தம் வீட்டிலேயே காண்பது எத்துணைக் கொடுமை! அவர் பின்பு செய்த செயல்களை வைத்து நோக்கின், அன்று எழுந்த துயரம் ஆறாமலே முப்பது ஆண்டு உள்ளே கிடந்தது என்று கொள்வதிற் பிழையில்லை.

1925இல் அரசினர் உதவியுடன் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றிய பயிற்சியே நோக்கம். எனினும் புற்றுநோய்க்கென்றே தனியே அமைந்த மருத்துவமனை ஒன்றையும் அங்கே கண்டார். நோயாளர் இறப்பதற்காக அன்றி, ஆராயப்படுவதற்கும் ஆற்றப்படுவதற்கும் ஓரிடம் இருத்தல் கூடும் என்பதே அவர்க்குப் புதுமையாய்த் தோன்றியிருக்கும். மறுஆண்டு பாரிஸ் நகரில் கூடிய மகளிர் மாநாட்டிலும் நம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டார்.

ஈண்டு ஒரு செய்தியை இடையிட்டுக் கூறுதற்கு இசைவு வேண்டுகிறோம். அம்மையார் கடல் கடந்த அதே 1925ஆம் ஆண்டில், வியன்னா நகரில் பெலிக்ஸ் மாண்டல் என்னும் அறுவை மருத்துவர், எலும்புகள் கரைந்து முடங்கிக் கிடந்த டிராம் வண்டித் தொழிலாளி ஒருவரின் கழுத்தைத் திறந்து, அங்கிருந்த சிறு சுரப்பிக் கட்டி ஒன்றை அகற்றினார். படுத்த படுக்கையாய் இருந்தவர் எழுந்து நடந்தார். கழுத்தில் உள்ள ஒன்றுக்கும் காலெலும்புக்கும் என்ன உறவு? அச்சுரப்பியின் பெயர் பாராதைராய்டு. தைராய்டுச் சுரப்பியின் பின்புறத்தே நெல்மணியளவினவாய்ப் பெரும்பாலும் நான்கு இருக்கும். அதனை முதன்முதற் கண்டது மனிதவுடலில் அன்று. இலண்டன் விலங்குச்சாலையில் இறந்துபோன நம் இந்தியக் காண்டாமிருகம் ஒன்றினை 1850ஆம் ஆண்டளவில் அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் என்பார் அதன் கழுத்தில் கண்டு குறித்தார். மனிதரிடத்தே அஃது உண்மையை நிலைநாட்டிப் பெயருமிட்டவர், சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராய் இருந்த ஐவர் சாண்டுஸ்திரோம். 1880இல் அவர் அதனை வெளியிட்டார். மாணவர் ஒருவரின் கண்டுபிடிப்பாதலின் அன்று அதனை மதிப்பார் அரியர். மாணவராகிய நமக்கு இவ்வரலாறு ஒருவகையில் ஆறுதலும் ஒருவகையில் வருத்தமும் தருகின்றது. இச்சுரப்பி அம்மையார் வரலாற்றில் வந்ததன் காரணம் பின்னர் விளங்கும்.

தாயகம் திரும்பிய அம்மையார் சென்னைச் சட்டமன்றத்துக்கு உறுப்பினராய் நியமனம் பெற்று, 1927இல் ஒருமனதாகத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போரும், சத்தியமூர்த்தி போன்ற நாவலரும் அதனை எதிர்த்து நின்றதும், 1929இல் கோயில் மானிய நிலங்களை அப்பணியினின்று பிரித்து அம்மகளிர்க்கே உரிமையாக்கிய சட்டமும், 1947இல் அவ்வழக்கமே முற்றும் ஒழிக்கப்பட்டதும் பாடநூல்களிலே வருவன; யாவரும் அறிந்தன. காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930இல், அப்பதவியைத் துறந்து வெளியேறினார். அதே ஆண்டில், விடுதிகளில் குலங்காரணமாக இடம் மறுக்கப்பெற்ற சிறுமியர் சிலர் அவர் வாயிலில் வந்து நின்றனர். அவர்களைத் தம் இல்லத்தில் ஏற்றதே அவ்வை இல்லத்தின் தொடக்கம். சட்டம் இயற்றியவர் சட்டத்தினால் விடுபட்டோர்க்குச் சோறும் பாயும் தேடிக் கொடுத்தார். சட்டமியற்றிய பலர் இவ்விரண்டாம் பகுதியைப் பிறர்க்கு விட்டுவிடுவது வழக்கம்.

இனி, நாம் சிறப்பாகச் சொல்லக் கருதிய பகுதிக்கு வருவோம்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பழைய மாணவியாய் அவ்வவையில் நின்ற அம்மையார், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று இந்நாட்டில் வேண்டும் என்று அறிவித்தார். கேட்டோர் கைதட்டினர், பின் கலைந்தனர். போர் வந்தது, பஞ்சம் வந்தது, விடுதலை வந்தது. மருத்துவமனை மட்டும் வரவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவர்க்கு அகவை அறுபத்துமூன்று. அரசினரை அணுகியபோது கிடைத்த விடை ஊக்கந் தருவதாயில்லை. புற்று வந்தவர் இறத்தல் ஒருதலை, இறப்பார்க்குப் பொருள் செலவிடுதல் வீண், மலேரியாவும் காசமும் இருக்க இதற்கு எங்கே பணம் என்பதே அதிகாரத்திலிருந்தோர் பலரின் எண்ணம். அவ்வெண்ணத்தை முழுவதும் கொடுமையென்று நாம் ஒதுக்கவில்லை. வறிய நாடு; நோய்களோ பல. எனினும் இறப்பது உறுதி என்னும் அந்த முதற்கூற்றே பொய் என்பதை அம்மையார் இலண்டனிற் கண்டிருந்தார். காலத்திற் கண்டால் பிழைக்கலாம் என்பதை எடுத்துக்காட்ட ஒரு மருத்துவமனை வேண்டும். மருத்துவமனை இல்லாமையால் எவரும் பிழைப்பதில்லை. எவரும் பிழைக்காமையால் மருத்துவமனை வேண்டுவதில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

உடைத்தார். இளைய மைந்தர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவராகிப் புற்றுநோய்த் துறையில் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றுத் தாயின் அருகில் நின்றார். மடிப்பிச்சை ஏந்துவார்போல் வீடு வீடாகவும் மன்றம் மன்றமாகவும் நன்கொடை திரட்டினர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அடையாற்றில் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பெற்றது. பன்னிரண்டே படுக்கைகள். மருத்துவர் ஓரிருவர். மறுஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண், அரசுப்பணியில் அமரும் வாய்ப்பை விடுத்து, இச்சிறு மனைக்கு வந்து சேர்ந்தார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் உயிர் நீக்கும்வரை அவ்விடம் விட்டு அகன்றாரல்லர். கிருஷ்ணமூர்த்தியும் 2010இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார். இந்தியாவுக்கு வந்த முதல் கோபால்ட் கதிர் இயந்திரங்களுள் ஒன்று, 1950களின் பிற்பகுதியில், கனடா நாட்டாரின் கொடையாக இம்மனையில் நிறுவப்பெற்றது. ஓலைக்குடிலினின்று சற்றே உயர்ந்த கட்டடத்தில் உலகின் புதுக்கருவி! அதனைக் காணவந்தோர் வியந்ததில் வியப்பில்லை.

அக்கருவியின் பயனுள் ஒன்றை நாம் மறத்தலாகாது. மார்பகப் புற்று முற்றிய மகளிர்க்கு நோய் பெரும்பாலும் எலும்பிற் பரவும். முதுகெலும்பிலும் இடுப்பிலும் அது குடிபுகுந்தால் வரும் வலி சொல்லுந்தரத்ததன்று. கதிர் பாய்ச்சினால் நோய் முற்றிலும் நீங்காதெனினும் வலி தணியும். குணமாக்க இயலாத இடத்தும் செய்யத் தக்கது ஒன்று உண்டு என்னும் கொள்கை அவ்வாறு இந்நிலையத்தில் வேரூன்றிற்று. தங்கை துடித்ததைக் கண்ட தமக்கை கட்டிய மனையில் அது வேரூன்றாமல் வேறெங்கு வேரூன்றும்?

1981இல் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இந்நிலையத்தில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தே பெண்டிரிடம் கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது குறைய, மார்பகப் புற்று முந்திக்கொண்டது. இதனிடையே அறுவையும் கதிரும் மருந்தும் வளர்ந்தமையால், காலத்திற் கண்ட மார்பகப் புற்றினின்று மகளிர் பிழைத்து, பத்தும் இருபதும் ஆண்டு வாழ்கின்றனர். பிழைத்தமையாலேயே புதியதொரு கவலையும் பிறந்தது. விரைவில் இறப்பவளின் எலும்பைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. நெடிது வாழ்பவளின் எலும்போ அவள் நடையும் தொழிலும் தன்மானமுமாகும். அம்மையார் எழுப்பிய வினாவின் இயல்பான தொடர்ச்சியாகவே இதனை நாம் கருதுகிறோம். ஆதலின் அதனை இங்கே சிறிது விரித்தல் பொருந்தும்.

மார்பகப் புற்றுகளிற் பல, பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜெனை உண்டு வளர்வன. 1896இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் பீட்சன் என்பார் சூற்பைகளை அகற்றி அப்புற்றினைச் சுருங்கச் செய்து காட்டினார். அன்று தொட்டு இன்றைய மாத்திரைகள் வரை, அவ்வூட்டத்தைத் தடுப்பதே மருத்துவத்தின் பெரும்பகுதி. ஆனால் அதே ஈஸ்ட்ரோஜென்தான் பெண்ணின் எலும்பையுங் காப்பது. புற்றைப் பட்டினியிடுங்கால் எலும்பும் மெலிகின்றது. மாதவிடாய் நின்ற மகளிர்க்கு வழங்கும் அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகள் இத்தன்மையன. டமாக்சிஃபென் என்னும் மருந்தோ, அவ்வயதினர்க்கு எலும்பைக் காக்குந் துணையாகவும், மாதவிடாய் நில்லாத இளையோர்க்குச் சிறிது இழப்புத் தருவதாகவும் அமைந்துளது. ஒரே மருந்து வயதுக்கேற்பத் தாயும் மாற்றாந்தாயுமாய் நடந்துகொள்வது விந்தையே.

எலும்பு கல்லன்று, நாள்தோறும் கரைந்து நாள்தோறும் கட்டப்படுவது. நம் உடலின் கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே தங்கியுள்ளது. எஞ்சிய சிறுபங்கு இரத்தத்தில் ஓடி, நரம்பும் தசையும் இதயமும் இயங்கத் துணைசெய்கின்றது. புதுக்கோட்டைச் சீமையார்க்கு இதனை விளக்குதல் எளிது. எலும்பு ஒரு கண்மாய்; இரத்தம் வாய்க்கால்; வாய்க்காலில் நீர் குறையும்போது மடையைத் திறந்தும், நிறையும்போது அடைத்தும் காக்கும் நீர்பாய்ச்சியே முன் கூறிய பாராதைராய்டுச் சுரப்பி. அதன் சுரப்பு எலும்பினின்று கால்சியத்தை இறக்கும். சிறுநீரில் வீணாகாது தடுக்கும். வைட்டமின் டி-யைச் செயற்படுத்தி உணவினின்றும் ஈர்க்கும்.

இனி, இரு கேடுகள் நிகழலாம். ஒன்று, நீர்பாய்ச்சியே நெறி தவறுதல். நான்கு சுரப்பிகளுள் ஒன்றிற் புற்றல்லாத சிறு கட்டி தோன்றி, வேண்டாதபோதும் மடையைத் திறந்தே வைக்கும். கண்மாய் வற்றும், வாய்க்கால் கரைபுரளும். எலும்பு மெலியும், இரத்தத்தில் கால்சியம் மிகும், சிறுநீரகத்திற் கல் விளையும். மற்றொன்று, கள்வன் புகுதல். எலும்பிற் குடியேறிய மார்பகப் புற்றணுக்கள் பாராதைராய்டுச் சுரப்பினைப் போன்றதொரு பொருளைத் தாமே சுரந்து, கள்ளத் திறவுகோலால் மடையைத் திறந்துவிடும். எலும்பு கரையுங்கால் வெளிப்படும் ஊட்டங்கள் புற்றினை மேலும் வளர்க்க, அது மேலும் சுரக்கும். இத்தகைய பொருள் ஒன்று உண்டென்று அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1941இல் ஊகித்தார். 1987இல் ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

இரு கேட்டிற்கும் குறிகள் ஏறக்குறைய ஒன்றே: தணியாத தாகம், மலச்சிக்கல், சோர்வு, குமட்டல், மறதியும் மயக்கமும், எலும்பு வலி. முன்னையதும் மாதவிடாய் நின்ற பெண்டிரிடமே மிகுதியாய்க் காணப்படும். மார்பகப் புற்றும் அவ்வயதினரையே பெரிதும் நாடும். ஆகவே இரண்டும் ஒருவரிடமே கூடி நிற்றலும் உண்டு. இங்கேதான் இடர் உளது. புற்றினின்று பிழைத்தவளின் இரத்தத்திற் கால்சியம் மிகுந்ததென்று தெரிந்த அளவிலே, நோய் எலும்பிற் பரவிவிட்டதென்று முடிவுகட்டி வீட்டார் நம்பிக்கை இழந்துவிடுவர்.

எம்மூர்ப் பக்கத்துப் பெரியம்மை ஒருவர்க்கு இதுவே நேர்ந்தது. மார்பக அறுவை முடிந்து ஆறாண்டு சென்றபின், வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். இரத்தச் சோதனையில் கால்சியம் அளவு கடந்திருந்தது. உறவினர் திரண்டனர், வெளியூர் மக்களுக்குச் செய்தி பறந்தது, மூத்த மருமகள் மாமியாரின் புடவைகளைப் பங்கிடும் பேச்சையும் எடுத்துவிட்டாள். இளைய மருத்துவர் ஒருவர் மட்டும் பாராதைராய்டுச் சுரப்பின் அளவையும் பார்த்துவிடுவோம் என்றார். புற்றே மடையைத் திறந்திருந்தால், வாய்க்கால் நிரம்பியதறிந்து நீர்பாய்ச்சி வீட்டிற் படுத்திருப்பான். இரத்தத்தில் அவன் சுரப்புக் குறைந்திருக்கும். பெரியம்மையிடமோ அது மிகுந்திருந்தது. குற்றவாளி கழுத்திலிருந்த கட்டியே என்பது தெளிவாயிற்று. அதனை அகற்றினர், கால்சியம் இறங்கிற்று. ஊன்றுகோல் பிடித்தேனும் அவர் ஆவூர்த் தேர் பார்க்க வருகின்றார். புடவைப் பேச்சை மட்டும் மறந்தாரில்லை.

எல்லார்க்கும் இங்ஙனம் நற்செய்தியே கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. புற்றே காரணமாய் இருப்பதும் உண்டு. பரவிய நோயுடையார்க்கு அதுவே மிகுதி. அவர்க்கும் இன்று வழி இருக்கின்றது. நரம்பு வழி நீரேற்றிக் கால்சியத்தைத் தணிப்பர். எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்கும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் முதலிய ஊசிமருந்துகள் உள. அவற்றை ஏற்குமுன் பல்மருத்துவரிடம் வாயைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பர். தாடையெலும்பிற் புண் நேரலாமாதலின். எலும்பின் திண்மையை அளக்கும் டெக்சா என்னும் படச்சோதனை வலியற்றது, சில நிமிடங்களில் முடிவது.

நாள்தோறும் வெயில் காயும் நாட்டில் பிறந்தும் நம் மகளிர் பலர்க்கு வைட்டமின் டி குறைந்திருப்பது இன்னொரு விந்தை. அது குறைந்தாலும் பாராதைராய்டு விழித்தெழுந்து எலும்பைக் கரைக்கத் தொடங்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியம் உண்டு. நம் பாட்டிமார் கூழாகக் காய்ச்சிய அதனை நாம் ஏழையர் உணவென்று தள்ளிவிட்டோம். எனினும் இரத்தத்திற் கால்சியம் முன்னரே மிகுந்திருப்பார் சோதனையின்றித் தாமே சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை விழுங்குதல் தீது. எலும்பு மெலியுமென்றஞ்சிப் புற்று மருந்தையே நிறுத்திவிடுதல் அதனினும் தீது. எதனையும் மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.

கேட்பது எளிதன்று என்பதும் நமக்குத் தெரியும். எம்மூர்ப் பக்கங்களில் மார்பிற் கட்டி தோன்றிய பெண், கணவரிடமும் கூறாது, மகளிடமும் கூறாது, மாதக்கணக்கில் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு திரிவாள். நாணம் ஒரு புறம். செலவு பற்றிய அச்சம் மறுபுறம். ஆண்மருத்துவர் முன் உடல் காட்ட மறுத்துப் பெண்டிர் மாண்ட காலத்தில், பெண்மருத்துவர் வேண்டுமென்று முன்வந்தவர் முத்துலட்சுமி அம்மையார். மூடிய திரைக்குப் பின்னிருந்து கற்றவர்க்கு மூடிவைத்தலின் கேடு தெரியாமல் இராது.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. பார்வை மங்கியபின்னும் மருத்துவமனைக் கணக்கையும் அவ்வை இல்லத்துப் பிள்ளைகளின் கல்வியையும் கேட்டறிந்து வந்தார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்க, உயிர் நீத்தார். தமிழ்நாட்டரசு ஏழைக் கருவுற்ற மகளிர்க்கு வழங்கும் உதவித்திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பிறந்த ஜூலை 30ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய அடையாற்று மனை இன்று பல நூறு படுக்கைகளுடன் விரிந்து, ஆராய்ச்சிக் கூடமும் புற்றுநோய் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரியும் உடையதாய் நிற்கின்றது. செல்வர் கட்டணம் செலுத்துகின்றனர். வறியோர்க்கு இலவசமாகவோ சலுகையாகவோ மருத்துவம் நடைபெறுகின்றது. புதுக்கோட்டையினின்றும் அதன் சிற்றூர்களினின்றும் இரவு இரயிலேறி, விடியலில் எழும்பூரில் இறங்கி, கையிற் பழைய படங்களும் சீட்டுகளும் அடங்கிய துணிப்பையோடு அடையாற்றுக்கு வழி கேட்டுச் செல்லும் பெண்டிர் இன்றும் உளர்.